எழுத அனுமதி இல்லை

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'மூவேழு' என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர் முதல் தரை துடைக்க வருகிற அம்மா வரைக்கும் அதே பெயர்தான். அது வந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. ஊரார் இணையதளங்களைத் தன் கணினிகளில் வாடகைக்குக் குடிவைக்கும் கம்பெனி அது. குடியிருப்பவர் யாராவது போன் போட்டு, "சார், என் தளத்துல ஒரு ஃபார்ம் இருக்கு, நிரப்பி அனுப்பினா பதிவாக மாட்டேங்குது" என்று ஆரம்பித்தால், இவர் முழுசாகக் கேட்கக்கூட மாட்டார். "அந்த ஃபோல்டருக்கு ஏழு ஏழு ஏழு போட்டு விடுங்க. சரியாயிடும்" என்பார். சரியாகியும் விடும். அந்தப் பக்கம் இருப்பவர் இவரை மகான் என்று நினைத்துக்கொண்டு போனை வைப்பார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வர் எனும் அந்தக் கணினியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மூன்று எண்கள் உண்டு. முதல் எண் அதன் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவருடைய கூட்டத்துக்கு, மூன்றாவது மீதி உலகத்துக்கு. ஏழு என்றால் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம், இஷ்டம்போல் ஆடலாம். மூன்றும் ஏழு என்றால் வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு வெளியூர் போவது மாதிரி. தனி வீடாக இருந்தாலாவது பரவாயில்லை. ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான பேர் ஒண்டிக் குடித்தனம் இருக்கும் இடத்தில், பக்கத்துக் குடித்தனக்காரன் நினைத்தால் உள்ளே வந்து என்ன வேண்டுமானாலும் கிறுக்கிவிட்டுப் போகலாம்.

இது மூவேழுவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். முறைப்படி செய்வதாக இருந்தால், அந்த ஃபார்மை இயக்குகிற நிரல் சர்வரில் யார் பெயரில் ஓடுகிறது என்று பார்த்து, எழுத வேண்டிய ஃபோல்டரை அந்தப் பெயருக்குச் சொந்தமாக்கி, மற்ற எல்லோருக்கும் பூட்ட வேண்டும். அதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். கம்பெனியில் பொறுமைக்கு மதிப்பெண் கிடையாது. எத்தனை புகாரை எவ்வளவு சீக்கிரம் மூடினாய் என்பதுதான் கணக்கு. பல வருடங்களுக்கு முன்னால் ஒழுங்காக வேலை பார்த்து மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, மனுஷன் ஞானம் பெற்று எல்லோருக்கும் மூன்று ஏழு போட ஆரம்பித்துவிட்டார்.

எல்லோருக்கும் என்றா சொன்னேன்? அக்காவைத் தவிர.

அக்கா அவரைவிட ஒன்பது வயது பெரியவள். கணவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனபிறகு, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். தம்பி கம்ப்யூட்டர் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். பிறகு தன்னைப்போலவே வேலை தேடி வந்த பெண்களைச் சேர்த்துப் பழக்கி, வீடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தாள். சாவி போடுகிறவர் கடைக்கு மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கணினி, வந்து போகிற பெண்கள் உட்கார நாலு நாற்காலி. அவ்வளவுதான் அவளுடைய சாம்ராஜ்யம். அந்த அறைக்குள் நுழையும்போது மட்டும் அவள் முதுகு நிமிர்ந்திருக்கும். வீட்டில் அப்படி நிமிர்ந்து அவர் பார்த்ததில்லை.

அக்காவுக்குத் தளம் கட்டிக் கொடுத்தது மூவேழுதான். நோயாளியின் பெயர், வயது, என்ன நோய், எந்தத் தெரு, போன் நம்பர் எல்லாம் கேட்டு ஒரு ஃபார்ம். நிரப்பி அனுப்பினால் விவரம் ஒரு கோப்பில் போய் உட்காரும். அக்கா காலையில் வந்ததும் கணினியைத் தட்டி, யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுவாள். தளத்தில் முதலில் போன் நம்பரும் இருந்தது. நேரம் காலம் இல்லாமல் அழைப்பு வந்து அக்கா தூங்கவே முடியாமல் போனபோது அதை எடுத்துவிட்டதும் இவர்தான். "எல்லாம் ஃபார்ம்லயே வரட்டும்க்கா. நீ நிதானமா கூப்பிடு" என்றார்.

நோயாளிகளின் விவரம் ஆயிற்றே, கண்டவன் படிக்கக்கூடாதே என்று, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் முறைப்படி செய்தார். நிரல் ஓடும் பெயருக்குச் சொந்தம், மற்றவர்களுக்குப் பூட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து செய்தார். இடையில் ஒருமுறை ஏதோ தகராறு வந்து, தளத்தின் தலையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வரிகள் வந்து நின்றன. அக்கா பார்த்துவிட்டு, "என்னடா இது, வாசல்ல குப்பையக் கொட்டின மாதிரி இருக்கு. வர்றவங்க என்ன நெனப்பாங்க?" என்றாள். தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. எந்தப் பிழை வந்தாலும் வெளியே காட்டக்கூடாது, கடைசியில் 'நன்றி, விரைவில் அழைக்கிறோம்' என்று மட்டும் வரவேண்டும் என்று நிரலை மாற்றி எழுதினார். எழுத முடிந்தாலும் நன்றி, முடியாவிட்டாலும் நன்றி. மற்ற வாடிக்கையாளர் யாராவது இப்படிச் செய்திருந்தால் முட்டாள் என்று திட்டியிருப்பார்.

இந்த வருடத் தொடக்கத்தில் கம்பெனி பழைய சர்வரைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்கியது. எல்லாத் தளங்களையும் இடம் மாற்றும் பொறுப்பு மூவேழு தலையில் விழுந்தது. மேலாளர் அவசரப்படுத்தினார். நகல் எடுக்கும் கட்டளையில், கோப்புகளின் சொந்தக்காரர் பெயரை அப்படியே காப்பாற்றச் சொல்லும் ஒரு சின்னக் குறிப்பைச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் அது விட்டுப்போயிற்று. எல்லா ஃபோல்டரும் அந்தந்த வாடகைக்காரர் பெயரிலேயே புதிய சர்வரில் போய் இறங்கிவிட்டன. நிரல்களோ பழையபடி வேறு ஒரு பொதுப் பெயரில்தான் ஓடின. அதாவது எழுத வேண்டியவர் ஒருவர், சொந்தக்காரர் வேறொருவர்.

இதனால் ஊரே அல்லோலகல்லோலப்பட்டிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுமே ஆகவில்லை. ஏன் ஆகவேண்டும்? எல்லா வீட்டிலும்தான் கதவே இல்லையே! மூன்று ஏழு போட்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், சொந்தக்காரர் யாராக இருந்தால் என்ன? மூவேழு நாலைந்து தளங்களில் ஃபார்ம் நிரப்பிப் பார்த்தார். எல்லாம் பதிவாயிற்று. அக்காவின் தளத்தையும் திறந்து பார்த்தார். பளிச்சென்று திறந்தது. அதில் மட்டும் நிரப்பிப் பார்க்கவில்லை. தான் கையால் செய்தது, அதில் என்ன தப்பு வரப்போகிறது என்ற இறுமாப்பு.

அந்தச் சமயத்தில்தான் அக்காவிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மேல் புகார் வந்தது. நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளைப் பாட்டுக்காரி என்பார்கள். அவள் கண்ணயர்ந்த நேரத்தில், அவள் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார் என்று அந்த வீட்டு மருமகள் ஆடித் தீர்த்தாள். பெரியவருக்கு அடி எதுவும் படவில்லை. பாட்டுக்காரி, நான் தூங்கவில்லை, வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தேன் என்று அழுதாள். மருமகள் கேட்கவில்லை. "நீங்க எப்படித் தொழில் பண்றீங்கன்னு பாக்கறேன். தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கணினி 'புதிய பதிவு எதுவும் இல்லை' என்று காட்ட ஆரம்பித்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அக்கா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். யார்தான் போடமாட்டார்கள்? ஒருநாள் எல்லாப் பெண்களும் இருக்கும்போது பாட்டுக்காரியை எழுந்து நிற்கச் சொல்லி, "இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தின பேர ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டே. இனிமே இந்தப் படி ஏறாதே" என்று அனுப்பிவிட்டாள். போகும்போது அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி அக்காவுக்குத் தோன்றியது.

ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த வீடுகளில் சில நோயாளிகள் குணமானார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள். புதிதாக யாரும் கேட்கவில்லை. பெண்கள் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மதியம் எழுந்து போனார்கள். பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு வைத்த ஏஜென்சிக்காரர் ஒருவர் வெகுநாளாக அக்காவின் ஆட்களைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது வாரம் ஒருமுறை வந்து மாடிப்படியிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போனார்.

அக்கா தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஃபார்ம்ல ஏதாவது கோளாறாடா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நான் செஞ்சது."

"ஒருத்தர்கூடவா கேக்கல?"

மூவேழு அலுவலகத்தில் இருந்தபடியே கோப்பைத் திறந்து பார்த்தார். சர்வர் மாறின நாளுக்குப் பிறகு ஒரு வரி இல்லை.  கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த நாளே அவரை உலுக்கியிருக்கும். மனுஷன் அதைப் பாட்டுக்காரி மேல் புகார் வந்த சமயமாகவே பார்த்தார். "இப்ப எல்லாரும் செயலி அது இதுன்னு போயிட்டாங்கக்கா. உன்ன மாதிரி சின்னவங்ககிட்ட யார் வருவா? பேரும் கெட்டுப்போச்சு. பேசாம அந்த ஆளுகிட்டயே குடுத்துரு. உனக்கும் வயசாகுது" என்றார். ஏதோ பெரிய பொருளாதார நிபுணர் மாதிரி சொன்னார்.

அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன். நான் இத விட்டா அப்புறம் எதுக்குடா காலையில எந்திரிக்கணும்?" என்றாள்.  அவரோ தினமும் சாயந்திரம் போன் செய்து, குடுத்துரு என்று அதையே சொன்னார். அக்கா மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அந்த அக்கறையை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். நடவு காலத்தில் மட்டும்தான் அவர் தளத்துக்கு வேலை. மற்ற மாதங்களில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

"என் ஃபார்ம் நன்றி சொல்லுது, ஆனா எதுவும் வரமாட்டேங்குது. சந்தேகப்பட்டு எங்க வீட்டுக்காரம்மா பேர்ல நானே பத்து ரோஜாச் செடி கேட்டுப் பாத்தேன். அதுவும் வரல."

"ஃபோல்டருக்கு மூணு ஏழு போடுங்க சார்."

"எதுக்குப் போடணும்?"

"போட்டா எழுதும் சார்."

"தம்பி, எனக்கு இத அமைச்சுக் குடுத்த பையன் ஊர் உலகத்துக்கெல்லாம் தொறந்து வெக்கக்கூடாதுன்னு தலையில அடிச்சுச் சொல்லிட்டுப் போனான். போன வருஷம் பூட்டி வெச்சபடியேதான் எழுதிச்சு. இப்ப ஏன் எழுதல? மொதல்ல அதச் சொல்லுங்க."

மூவேழுவுக்கு எரிச்சல் வந்தது. இவர் ஒருவரால் இன்றைக்குக் கணக்கு கெட்டுப்போகும் என்று முனகிக்கொண்டே சர்வருக்குள் போய்ப் பார்த்தார். ஃபோல்டர் சரியாகப் பூட்டியிருந்தது. ஆனால் சொந்தக்காரர் பெயர் மாறியிருந்தது. எப்போது மாறியது என்று பார்த்தார். இடம் மாற்றிய நாள். தான் மாற்றிய நாள்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார் நாற்றுப்பண்ணைக்காரர்.

"இருக்கேன் சார்" என்றார் மூவேழு.  ஒரே வரிக் கட்டளையில் அவருடைய ஃபோல்டரின் சொந்தக்காரரை மாற்றிக் கொடுத்துவிட்டு, "இப்பப் பாருங்க" என்றார். அந்தப் பக்கம் ரோஜாச் செடி பதிவாகிவிட்டது என்று சந்தோஷக் குரல் கேட்டது. மூவேழு நன்றிகூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டு அக்காவின் தளத்தைத் திறந்தார்.

வாயில் வந்த ஏதோ ஒரு பெயரையும் நோயையும் போட்டு அனுப்பினார். 'நன்றி, விரைவில் அழைக்கிறோம்' என்றது. கோப்பைத் திறந்தார். புது வரி எதுவும் இல்லை. இன்னொரு முறை அனுப்பினார். இன்னொரு நன்றி.

சர்வர் தன் பங்குக்குப் பிழைகளை உள்ளே குறித்துவைத்துக்கொள்ளும். வெளியே காட்டாதே என்றுதான் அவர் அதன் வாயைக் கட்டியிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தார். அக்காவின் கோப்பின் பெயரைப் போட்டு, 'எழுத அனுமதி இல்லை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் தேதி இருந்தது, நேரம் இருந்தது. கேட்டவர் யார், எந்தத் தெரு, படுக்கையில் கிடப்பது அவருடைய அம்மாவா அப்பாவா என்பது எதுவும் இல்லை. அவர்கள் எழுதியது எங்கேயும் தங்கவில்லை.

இதே மாதிரி வேறு தளம் உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டு மேலாளரிடம் போய்ச் சொன்னார். அவர் தலையை நிமிர்த்தாமல், "மொத்தம் எத்தனை தளம்?" என்று கேட்டார்.

"ரெண்டுதான் சார். நாற்றுப்பண்ணை ஒண்ணு. இன்னொண்ணு எங்க அக்காவோடது."

"அவ்வளவுதானே. அக்கா புகார் எதுவும் குடுக்கலையே? சரி பண்ணிட்டு மூடிடுங்க. இதுக்குத்தான் சொல்றது, எல்லாத்துக்கும் மூணு ஏழு போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும்னு. யாராவது அதிபுத்திசாலித்தனமா பூட்டி வெச்சா இப்படித்தான்."

 மூவேழு இடத்துக்கு வந்து அக்காவின் ஃபோல்டரைச் சரிசெய்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் சட்டைப் பையில் வண்டிச் சாவி இருக்கிறதா என்று தடவிக்கொண்டே ஓடினார். சாவிக்கடை மாடிப்படியில் ஏறும்போதே மேலே எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

நாற்காலிகள் இல்லை. மேசையைச் சுவர் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தாள் அக்கா. தம்பியைப் பார்த்ததும், "வந்தியா? நல்லதாப் போச்சு. அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

"என்னக்கா இது?"

"நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன். நீ சொன்னதுதான் சரி. ஆளுங்க எல்லாரும் இன்னைக்குக் காலையில அங்க போயிட்டாங்க. அந்த ஏஜென்சிக்காரர் ரொம்ப உஷாரு, நான் இதே வேலைய இந்த ஊருக்குள்ள மறுபடி செய்யக்கூடாதுன்னும் எழுதி வாங்கிட்டாரு. இனிமே நான் எங்கடா செய்யப்போறேன்னு சிரிச்சுக்கிட்டே போட்டேன்."

மூவேழு மேசையின் அந்தப் பக்கத்தைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சர்வர் மாற்றியது, பெயர் மாறியது, ஃபோல்டர் பூட்டியிருந்தது, ஃபார்ம் பொய்யாக நன்றி சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அக்காவுக்குப் பாதி புரியவில்லை. புரிய வேண்டியது புரிந்தது.

"அப்ப ஜனங்க கேட்டிருக்காங்க."

"ஆமாக்கா."

"நெறைய பேரா?"

"நெறைய பேர்."

"யாருன்னு பாத்துச் சொல்லு. இப்பவாவது கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்றேன்."

"அது தெரியாதுக்கா. அவங்க பேர் எதுவும் பதிவாகல."

அக்கா மேசையில் சாய்ந்து நின்றாள். அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. "மத்தவங்களுக்கும் இப்படித்தான் ஆச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல. அவங்களுக்கெல்லாம் சும்மா எல்லாரும் எழுதற மாதிரி தொறந்து விட்டிருந்தேன். உனக்கு மட்டும்தான் ஒழுங்கா..."

"எனக்கு மட்டும் ஏன்டா ஒழுங்கா செஞ்சே?" என்றாள் அக்கா. "ஊருக்கெல்லாம் செஞ்ச மாதிரி எனக்கும் ஏனோதானோன்னு செஞ்சிருக்கலாம்ல? இல்ல, எல்லாருக்கும் ஒழுங்கா செஞ்சிருக்கணும். எல்லாருக்கும் கெட்டிருந்தா அன்னைக்கே நாலு பேரு கத்தியிருப்பாங்க. நீயும் பாத்திருப்பே."

 அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. இத்தனை வருட வேலையில் யாரும் இவ்வளவு தெளிவாக அவர் தொழிலை அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

"கோளாறான்னு கேட்டேனேடா" என்றாள். "உங்கிட்டதானே கேட்டேன்."

பிறகு ஏதோ சட்டென்று நினைவு வந்தவள் மாதிரி நிமிர்ந்தாள். போனைத் தேடி எடுத்தாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. ஆட்களும் நாற்காலிகளும் போன அறையில் அந்தப் பக்கத்துக் குரல் நன்றாகவே கேட்டது. பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். ஏதோ ஹோட்டல் பின்கட்டு போலிருந்தது.

"அக்காவா? நல்லா இருக்கீங்களாக்கா?" என்றாள் பாட்டுக்காரி.

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றாள் அக்கா. குரல் உடைந்தது. "உன்னால எதுவும் கெடல. எல்லார் முன்னாலயும் உன்ன நிக்க வெச்சு... நான் பாவி."

"அய்யோ, அழாதீங்கக்கா. கோவத்துல சொன்னது, அதப்போய் மனசுல வெச்சுக்கிட்டு. நீங்க ஒருநாள் கூப்பிடுவீங்கன்னு தெரியும் எனக்கு." பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வேலையை விட்டு வெளியே வந்து பேசுகிறாள் போலிருந்தது. "இங்க இன்னைக்கே சொல்லிட்டு நின்னுக்கறேன். எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்க, இல்ல நேரா ஆபீசுக்கே வந்துடவா? காலையில எத்தனை மணிக்கு வரணும்க்கா?"

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லுடா" என்றாள்.